போர்ட்ஃபோலியோ அனுப்பியும் பதில் வரவில்லையா? பழுது எங்கே என்று பார்க்கலாம்

மார்ச் பிறந்தால் விஸ்காம், டிசைன் படிக்கும் கடைசி வருடப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு மெயில் வரத் தொடங்கும். சிலர் வேலை கேட்பார்கள், சிலர் இன்டர்ன்ஷிப் கேட்பார்கள், சிலர் "அண்ணா, இதில் என்ன தப்பு என்று மட்டும் சொல்லுங்கள்" என்பார்கள். சென்னையில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் இருக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் டிடிபி சென்டரிலும் ஆஃப்செட் பிரஸ்ஸிலும் வேலை பார்த்தேன். வரும் போர்ட்ஃபோலியோக்களை, அதாவது செய்த வேலைகளைத் தொகுத்த ஃபைல்களை, ஒன்றுவிடாமல் திறந்து பார்ப்பேன். பார்த்தவரையில், கைத்திறன் போதாமல் ஒதுக்கப்படுகிறவர்கள் குறைவு. தான் அனுப்பியது அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று ஒருமுறைகூடப் பார்க்காததால் ஒதுக்கப்படுகிறவர்கள்தான் அதிகம். நல்ல வேலை செய்த பிள்ளைகள் இப்படிக் கழிந்துபோவதைப் பார்க்கும்போது மனசு கேட்கவில்லை.

அதனால் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்களுக்கு எது பொருந்துகிறதோ நேராக அங்கே போங்கள். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் செய்து பார்த்துவிடுங்கள்.

## "40 இடத்துக்கு அனுப்பினேன், ஒருவர்கூடப் பதில் போடவில்லை"

இப்படி முழு மௌனமாக இருந்தால், டிசைனைச் சந்தேகப்படுவதற்கு முன் கதவைச் சந்தேகப்படுங்கள். உள்ளே யாரும் வரவே இல்லாமல் இருக்கலாம்.

அம்மாவுடைய போனையோ பக்கத்து வீட்டு அண்ணனுடைய போனையோ வாங்குங்கள். கம்பெனிக்கு அனுப்பிய அதே மெயிலை அந்த போனுக்கு அனுப்பி, வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். உங்கள் லேப்டாப்பில் திறந்து பார்ப்பது சோதனையே ஆகாது. அதில் உங்கள் கணக்கு ஏற்கெனவே திறந்திருக்கிறது, உங்கள் ஃபான்ட்டுகள் எல்லாம் இருக்கின்றன.

லிங்க்கைத் தட்டியதும் 'அனுமதி கேளுங்கள்' என்ற பக்கம் வந்தால் பழுது கிடைத்துவிட்டது. கூகுள் டிரைவில் பகிர்வு அமைப்பை 'லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்' என்று மாற்றுங்கள். எனக்கு இப்படிப் பூட்டிய லிங்க் வந்தால் அனுமதி கேட்டு பட்டனை அழுத்துவேன். நான்கு நாள் கழித்து அனுமதி வரும். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு ஒருவரை எடுத்திருப்போம். கல்லூரி கொடுத்த மெயில் கணக்கில் ஃபைலை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பல கல்லூரிகள் வெளியாட்களுக்குப் பகிர்வதை அடைத்து வைத்திருக்கும். படிப்பு முடிந்ததும் கணக்கையே மூடிவிடுவதும் உண்டு. இன்றைக்கே சொந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

லிங்க் இல்லை, ஃபைலையே இணைத்தேன் என்கிறீர்களா? ஜிமெயிலில் 25 எம்பி வரை இணைக்கலாம். ஆனால் மெயிலில் போகும்போது ஃபைலின் அளவு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். வாங்குகிற கம்பெனியின் சர்வர் வரம்பு அதைவிடக் குறைவாகவும் இருக்கலாம். போர்ட்ஃபோலியோ பிடிஎஃப் 10 எம்பிக்குள் இருக்கட்டும். திரையில் பார்ப்பதற்கு 300 டிபிஐ படம் தேவையே இல்லை, 150 போதும். இதை மாற்றினாலே பாதி எடை இறங்கிவிடும்.

போனில் திறந்தது, ஆனால் படிக்க முடியவில்லை என்றால் பக்க அளவில் கோளாறு. பிரிண்டுக்குச் செய்த ஏ4 நெட்டுப் பக்கத்தில் 9 பாயின்ட் எழுத்தை வைத்தால் போனில் எறும்பு ஊர்வது போலத்தான் தெரியும். திரைக்கென்று தனியாக 1920-க்கு 1080 பிக்சல் கிடைப் பக்கமாகச் செய்யுங்கள். விளக்க எழுத்தை 28 பிக்சலுக்குக் கீழே இறக்காதீர்கள்.

அப்புறம் மெயில். 'இணைப்பைப் பார்க்கவும்' என்ற ஒற்றை வரியோடு வருகிற மெயிலில் பிடித்துக்கொள்ள எதுவுமே இருக்காது. நீங்கள் யார், எந்த வேலைக்கு, முதலில் பார்க்க வேண்டிய இரண்டு வேலைகள் எவை, லிங்க், போன் நம்பர். ஐந்து வரிக்குள் முடித்துவிடலாம். 40 கம்பெனி முகவரிகளையும் ஒரே மெயிலில் போட்டு அனுப்பாதீர்கள். வாங்குகிற ஒவ்வொருவருக்கும் மற்ற 39 பேரும் தெரிவார்கள். ஃபைலின் பெயர் 'ஃபைனல் ஃபைனல் 3' என்று இருக்கக்கூடாது. எங்கள் டவுன்லோடு ஃபோல்டரில் அது உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும்.

## "தமிழ் எழுத்து உடைந்து வருகிறது"

இந்தப் பகுதியை நீட்டித்தான் எழுதப்போகிறேன். தமிழ்நாட்டில் வேலை தேடுகிற டிசைனருக்குத் தமிழ் எழுத்தைக் கையாளத் தெரிந்திருப்பது பெரிய பலம். மசாலா பாக்கெட்டிலிருந்து ஆஸ்பத்திரிப் பலகை வரை இரண்டு மொழியிலும் வேண்டும் என்றுதான் கிளையன்ட்டுகள் கேட்கிறார்கள். ஆனால் மாணவர் போர்ட்ஃபோலியோக்களில் அதிகமாக உடைந்து கிடப்பதும் தமிழ்தான்.

முதல் வகை உடைசல், கொம்பு இடம் மாறி நிற்பது. 'கொடி' என்று அடித்தால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அல்லது ஒரு புள்ளி வட்டத்தின் மேல் தொங்கும். காரணம் எளிது. ஒருங்குறியில் (யூனிகோட்) 'கொ' என்பது முதலில் க, அப்புறம் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் சேமிக்கப்படுகிறது. கொம்பை முன்னால் கொண்டுபோய்க் காலைப் பின்னால் வைத்துக் காட்டுவது மென்பொருளின் பொறுப்பு. அடோபி மென்பொருள்களில் அந்தப் பகுதி பெரும்பாலும் அணைந்தே இருக்கும். இன்டிசைனில் பாராகிராஃப் பேனலின் மெனுவைத் திறந்து 'அடோபி வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் ப்ரிஃபரன்சஸ், டைப் பகுதிக்குப் போய் 'ஷோ இன்டிக் ஆப்ஷன்ஸ்' என்பதை டிக் செய்ய வேண்டும். பிறகு பாராகிராஃப் பேனல் மெனுவில் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்' என்று தொடங்கும் கம்போசர் தென்படும். ஃபோட்டோஷாப்பில் ப்ரிஃபரன்சஸ், டைப் பகுதியில் 'வேர்ல்ட்-ரெடி லேஅவுட்' இருக்கும். புதிய பதிப்புகளில் இது தானாகவே நடக்கிறது.

இது தெரியாமல் எத்தனையோ பிள்ளைகள் கொம்பையும் காலையும் தனித்தனியாக அவுட்லைன் செய்து (எழுத்தை வெறும் வரைகோடாக மாற்றி), கையால் நகர்த்தி ஒட்டவைத்திருக்கிறார்கள். ஒரு தலைப்புக்குச் செய்யலாம். நாலு பத்திக்கு முடியுமா? கிளையன்ட் ஒரு வார்த்தை மாற்றச் சொன்னால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டாவது வகை, உங்கள் கம்ப்யூட்டரில் தமிழாகத் தெரிந்தது வேறு இடத்தில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிவது. பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்டுகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்திருப்பவை. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அங்கே தமிழ் கிடையாது. சோதித்துப் பாருங்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்து, அதை காப்பி செய்து ஒரு வாட்ஸ்அப் மெசேஜில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ, அதன் பின்னால் ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் வரும். பிடிஎஃப்பில் ஃபான்ட் பதியாமல் போனால் பார்க்கிறவருக்கும் அதுதான் தெரியும்.

ஒருங்குறியில் 1991-இலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் ஒருங்குறியையும் அதோடு டேஸ்16 என்ற குறியேற்றத்தையும் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பிரஸ்களில் நிலைமை வேறு. பக்கம் அமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. அதை இன்றைக்கும் ஓட்டுகிற இடங்கள் இருக்கின்றன, பழைய ஃபான்ட்டுகளும் அங்கே உயிரோடு இருக்கின்றன. ஆகவே இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் போர்ட்ஃபோலியோவிலும் ரெஸ்யூமேயிலும் ஒருங்குறி ஃபான்ட் மட்டும் இருக்கட்டும். பிரஸ்ஸுக்குப் போகும் ஃபைலை அவுட்லைன் செய்து கொடுங்கள், திருத்தக்கூடிய மூலத்தைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பழைய வேலையை ஒருங்குறிக்கு மாற்றினால், மாற்றித் தரும் மென்பொருளில் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். மேற்கோள்குறி, அரைப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாம் அந்த ஃபான்ட்டுகளில் வேறு எழுத்துகளுக்குப் போயிருக்கும். அங்கேதான் பிழை ஒளிந்திருக்கும்.

மூன்றாவது வகையில் எதுவும் உடைந்திருக்காது, ஆனால் பார்க்கவும் நன்றாக இருக்காது. ஆங்கிலத் தலைப்புக்குச் செய்வது போலத் தமிழிலும் எழுத்து இடைவெளியைத் தாராளமாகக் கூட்டுவார்கள். கொம்பு ஓர் ஊரிலும் மெய் ஓர் ஊரிலும் நிற்கும். ஃபான்ட்டில் போல்ட் இல்லை என்று ஸ்ட்ரோக் கொடுத்துத் தடிமனாக்குவார்கள். 'ண', 'ஞ' எழுத்துகளின் உள்சுழிகள் அடைத்துக்கொள்ளும். வரி இடைவெளியை ஆங்கிலக் கணக்கில் விடுவார்கள். மேல்வரியின் 'து', 'ழு' கால்கள் கீழ்வரியின் 'கீ', 'றி' தலைகளை இடிக்கும். 10 பாயின்ட் தமிழுக்கு 15, 16 பாயின்ட் வரி இடைவெளி வைத்துப் பாருங்கள், பத்தி மூச்சுவிடும். இரு மொழியும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது எண்ணில் ஒரே அளவு கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். கண்ணால் பார்த்து ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டியிருக்கும்.

நல்ல ஃபான்ட் கிடைக்கவில்லை என்ற காரணம் இப்போது செல்லாது. பிரியா ரவிச்சந்திரனின் கட்டமரன், இலங்கையைச் சேர்ந்த தாரிக் அஸீஸின் கவிவனார், பவனம், எக் டைப் குழுவின் முக்தா மலர், பாலூ தம்பி, அப்புறம் ஹிந்த் மதுரை, மீரா இனிமை, நோட்டோ சான்ஸ் தமிழ் என்று கூகுள் ஃபான்ட்ஸில் திறந்த உரிமத்தில் கிடைப்பவை நிறைய. கட்டமரனில் தமிழும் ஆங்கிலமும் ஒரே கைவண்ணத்தில் இருப்பதால் இருமொழி வேலைக்கு நான் முதலில் அதைத்தான் போட்டுப் பார்ப்பேன். டெலிகிராமில் சுற்றுகிற திருட்டு ஃபான்ட்டைப் போர்ட்ஃபோலியோவில் போட்டுவிட்டு, "உரிமம் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எழுத்துப்பிழையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிரஸ்ஸில் இருந்தபோது நான் அமைத்த ஒரு கல்யாணப் பத்திரிகையில் மணமகளின் அப்பா பெயரில் ஒரு கொம்பு விடுபட்டுவிட்டது. செல்லப்பன், சல்லப்பன் ஆகிவிட்டார். 1,000 பிரதி அச்சாகிவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு பெயரையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி என் செலவில் அடித்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து பெயர்களை மட்டும் கடைசி எழுத்திலிருந்து முதல் எழுத்துக்குப் பின்னோக்கி வாசித்துச் சரிபார்க்கிறேன். போர்ட்ஃபோலியோவில் இருக்கும் தமிழை, டிசைன் தெரியாத ஒருவரிடம், முடிந்தால் உங்கள் பள்ளித் தமிழாசிரியரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள்.

## "ரெஸ்யூமேயை கம்பெனித் தளத்தில் ஏற்றினால் விவரமெல்லாம் குழம்புகிறது"

பெரிய கம்பெனிகளின் விண்ணப்பத் தளங்கள் ரெஸ்யூமேயை முதலில் மென்பொருளால் வாசிக்கின்றன. உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, காப்பி செய்து நோட்பேடில் ஒட்டுங்கள். அங்கே வருவதுதான் அந்த மென்பொருளுக்குத் தெரிவது. ஒன்றுமே வரவில்லையா? எழுத்தையெல்லாம் அவுட்லைன் செய்துவிட்டீர்கள், அல்லது படமாக எக்ஸ்போர்ட் செய்துவிட்டீர்கள். பிரஸ்ஸுக்கு அவுட்லைன் சரி, ரெஸ்யூமேக்கு அது விஷம். இடது பத்தியும் வலது பத்தியும் வரிக்கு வரி கலந்து வருகிறதா? ஒற்றைப் பத்தியாக மாற்றுங்கள், இல்லாவிட்டால் இன்டிசைனில் வாசிப்பு வரிசையைச் சரிசெய்யுங்கள். போன் நம்பருக்குப் பதில் போன் ஐகான் மட்டும் நிற்கிறதா? எழுத்தில் எழுதுங்கள்.

## "ரெஸ்யூமே ஒரு பக்கத்தில் அடங்கவில்லை"

பயோடேட்டா காலத்துச் சரக்கை இறக்கி வையுங்கள். அப்பா பெயர், மதம், திருமண நிலை, முழு வீட்டு முகவரி, 'மேற்கண்ட தகவல்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற வாக்குமூலம், இடம், தேதி, கையெழுத்து எதுவும் டிசைன் ஸ்டுடியோவுக்குத் தேவையில்லை. அரசு வேலைக்கு மட்டும் அவர்கள் கேட்கும் படிவத்தில் கேட்டதையெல்லாம் அப்படியே கொடுங்கள்.

'ஃபோட்டோஷாப் 85%, இல்லஸ்ட்ரேட்டர் 90%' என்று பட்டை போடுவதை தயவுசெய்து விட்டுவிடுங்கள். மீதி 15% எது என்று கேட்டால் யாருக்கும் பதில் தெரியாது. அதே இடத்தில் 'கல்லூரி ஆண்டு மலர், 64 பக்கம், இன்டிசைனில் தனியாக அமைத்தது' என்று ஒரு வரி எழுதினால் உங்கள் மென்பொருள் அறிவும் பொறுமையும் இரண்டும் தெரிந்துவிடும். ஊர், போன், மெயில், லிங்க், படிப்பு, செய்த வேலைகள், மென்பொருள்கள், எழுதப் படிக்கத் தெரிந்த மொழிகள். இவ்வளவுதான். ரெஸ்யூமேயில் வண்ணக் கோலம் வேண்டாம். எது தலைப்பு, எது தேதி, எது விவரம் என்று எழுத்தின் அளவிலும் இடைவெளியிலும் பிரித்துக் காட்டுங்கள். உங்கள் டைப்போகிராஃபியை நாங்கள் முதலில் பார்ப்பது அங்கேதான்.

## "போடுவதற்கு என்னிடம் வேலையே இல்லை"

இப்படிச் சொல்பவரிடம் கொஞ்சம் கிளறினால் மாமா கடைக்குச் செய்த போர்டு, ஊர்த் திருவிழா நோட்டீஸ், கல்ச்சுரல்ஸ் போஸ்டர், தங்கையின் சடங்குப் பத்திரிகை என்று வரும். "அதெல்லாம் லோக்கல் வேலைண்ணா" என்பார்கள். அந்தப் பேச்சை ஏற்றுக்கொள்ளவே மாட்டேன். காசு கொடுப்பவர், கடைசித் தேதி, அடிக்கவேண்டிய பிரஸ், போட்டே ஆக வேண்டிய 30 பெயர்கள் என்று எல்லா நெருக்கடியும் அதில் இருந்திருக்கிறது. திருவிழா நோட்டீஸில் உபயதாரர்கள் பட்டியலை யாரும் மனம் கோணாதபடி அடுக்கியவர் படிநிலை அமைப்பை நன்றாகவே கற்றிருக்கிறார். அதைப் போடுங்கள். எப்படி யோசித்து அடுக்கினீர்கள் என்று இரண்டு வரியும் எழுதுங்கள்.

மாறாக, பெரிய பிராண்டுகளின் லோகோவை 'மறுவடிவமைத்து' நிரப்பிய போர்ட்ஃபோலியோக்கள் என்னைத் தொடவில்லை. அங்கே உங்களை யாரும் தடுக்கவில்லை, எதுவும் கேட்கவில்லை.

சொந்தமாக ஒரு வேலையை எடுப்பதென்றால் தெருவுக்கு வாருங்கள். ரேஷன் கடை அறிவிப்புப் பலகை, உழவர் சந்தை விலைப் பலகை, ஆஸ்பத்திரியின் புறநோயாளிப் பிரிவுக்கு வழிகாட்டும் அம்புக்குறிகள், இப்படி மக்கள் தினமும் கண்ணைச் சுருக்கி வாசிப்பவை எத்தனையோ. ஒரு மாணவி தன் ஊர்ப் பேருந்து நிலையத்தில் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து, நேரக்காப்பாளரிடம் பயணிகள் என்ன கேட்கிறார்கள் என்று கோடு போட்டு எண்ணியிருந்தார். கால அட்டவணைப் பலகை ஊர்ப் பெயரும் புறப்படும் நேரமும் சொன்னது. மக்கள் கேட்டதோ, "கடைசி வண்டி எப்போ?", "எந்த இடத்துல நிக்கும்?" என்ற இரண்டைத்தான். அவர் வரைந்த புதிய அட்டவணையில் கடைசி வண்டி தனிக் கட்டத்தில் இருந்தது, நிற்கும் இடத்தின் எண் ஊர்ப் பெயருக்கு முன்னால் வந்திருந்தது. வண்ணத் தேர்வு சுமார்தான். ஆனால் கோடு போட்ட அந்த நோட்டுப் பக்கத்தை முதல் பக்கமாக வைத்திருந்தார். அன்றே போன் செய்து வரச்சொன்னோம்.

எத்தனை வேலை வேண்டும்? ஆறிலிருந்து எட்டு. மிகச் சிறந்தது முதலில், அதற்கு அடுத்தது கடைசியில். சந்தேகமாக இருப்பதை எடுத்துவிடுங்கள். பலவீனமான ஒரு வேலை, பக்கத்தில் இருக்கும் நல்ல வேலையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

## "பார்த்துவிட்டு, 'இதில் நீ என்ன செய்தாய்?' என்று கேட்கிறார்கள்"

முழுப் பக்க மாக்கப் மட்டும் இருந்து எழுத்தே இல்லாவிட்டால் இந்தக் கேள்வி வரும். காபி கப், விசிட்டிங் கார்டு, டி-ஷர்ட் என்று இலவச மாக்கப்பில் ஒட்டிய லோகோவைப் பார்த்து வேலையை எடைபோட முடியாது. அதே கப்பை அந்த வாரம் இன்னும் ஐந்து பேரிடம் பார்த்திருப்போம்.

காரணத்தைச் சொல்வது எப்படி என்பதற்கு ரூபாய்க் குறியைப் பாருங்கள். 3,000-க்கு மேற்பட்ட வடிவங்களிலிருந்து 2010 ஜூலையில் தேர்வானது நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வரைந்தது. மும்பை ஐஐடியின் தொழில்வடிவமைப்பு மையத்தில் ஆய்வு செய்தவர் அவர், தமிழ் எழுத்துருவியல்தான் அவருடைய ஆய்வுத் துறை. அந்தக் குறியில் இருப்பது சில கோடுகள்தான். தேவநாகரி 'ர'வும், நெடுங்கோடு நீக்கிய ரோமன் 'ஆர்' எழுத்தும் ஒன்றில் அடங்குகின்றன. மேலே ஓடும் கோடு தேவநாகரியின் தலைக்கோடு. இரண்டு கோடுகளும் நடுவில் விட்ட வெள்ளையும் சேர்ந்து மூவண்ணத்தை நினைவூட்டுகின்றன. மூன்று வாக்கியத்தில் முழுக் காரணமும் வந்துவிடுகிறது. உங்கள் வேலைக்கும் அந்த அளவு போதும். கேட்டது என்ன, இடைஞ்சல் என்ன, எதை முயன்று எதைக் கைவிட்டீர்கள், ஏன். கைவிட்ட ஸ்கெட்சுகளில் ஒன்றிரண்டையும் பக்கத்திலேயே வையுங்கள்.

குழு வேலை என்றால் உங்கள் பங்கைத் தெளிவாக எழுதுங்கள். 'போட்டோ: வகுப்புத் தோழர். லேஅவுட், தமிழ் எழுத்து: நான்' என்பது போல. ஒரே புராஜெக்ட் நான்கு பேருடைய போர்ட்ஃபோலியோவில், நான்கிலும் முழுச் சொந்தமாக வந்ததை ஒரே வாரத்தில் பார்த்திருக்கிறேன். நால்வரையும் கூப்பிடவில்லை. ஏஐ வைத்து உருவாக்கிய படம் இருந்தால் அதையும் எழுதிவிடுங்கள். சொல்லாமல் மாட்டிக்கொண்டால் நீங்கள் கையால் வரைந்ததையும் சேர்த்துத்தான் சந்தேகப்படுவார்கள்.

## "திரையில் பளிச்சென்று இருந்த நீலம் பிரிண்டில் மங்கிவிட்டது"

திரை ஒளியால் நிறம் காட்டுகிறது (ஆர்ஜிபி), பிரிண்ட் நான்கு மையால் (சிஎம்ஒய்கே). ஆர்ஜிபியில் கொளுத்துகிற நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கேயில் கிடையவே கிடையாது. பிரிண்ட் எடுக்கும் போர்ட்ஃபோலியோவை முதலிலேயே சிஎம்ஒய்கேயில் மாற்றிப் பார்த்து, செத்துப்போகிற நிறங்களுக்கு மாற்று தேடுங்கள். சின்ன எழுத்துகள் கறுப்பு மையில் மட்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஆர்ஜிபி கறுப்பை மாற்றினால் நான்கு மையும் கலந்து வரும். அச்சில் இம்மி நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் விழும். ஓரம் வரை படம் போகிறதென்றால் வெட்டுக்கோட்டுக்கு வெளியே மூன்று மில்லிமீட்டர் பிளீட் விடுங்கள். 50 பக்கத்தையும் அடிக்கும் முன் நிறம் அதிகமுள்ள ஒரு பக்கத்தை மட்டும் அதே பேப்பரில் எடுத்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஏ4 கிடைப் பக்கம், மேட் பேப்பர் போதும். ஏ3 ஆல்பத்தை விரித்தால் பாதி மேசைகளில் இடம் இருக்காது.

## "மேற்படிப்புக்கும் இதே போர்ட்ஃபோலியோவை அனுப்பலாமா?"

அப்படியே அனுப்பாதீர்கள். சீட் (CEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடிகளுக்கோ, தனித் தேர்வு எழுதி தேசிய வடிவமைப்பு நிறுவனமான என்ஐடிக்கோ போகிறவர்களிடம் எப்படிப் பார்க்கிறீர்கள், எப்படி யோசிக்கிறீர்கள் என்றுதான் துருவுவார்கள். அங்கே முடிந்த வேலையைக் குறைத்து ஸ்கெட்ச் புத்தகம், கவனித்து எழுதிய குறிப்புகள், பாதியில் நின்ற முயற்சிகளைக் கூட்டுங்கள்.

## "நேர்காணல் வரை போகிறேன், அங்கே நின்றுவிடுகிறது"

நேர்காணல் வரை அழைத்தார்கள் என்றால் ஃபைலில் பழுது இல்லை. பழுது பேச்சில் இருக்கலாம், தயாரிப்பில் இருக்கலாம்.

அங்கே நெட் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். பிடிஎஃப் லேப்டாப்பிலும் பென்டிரைவிலும் போனிலும் இருக்கட்டும். பிடிஎஃப்பாகவே இருக்கட்டும். திருத்தும் ஃபைலை எடுத்துப்போய் 'ஃபான்ட் மிஸ்ஸிங்' என்ற மஞ்சள் பெட்டியோடு என் முதல் நேர்காணலைத் தொடங்கிய அனுபவம் எனக்கு உண்டு. கை நடுங்கியதில் அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் எதுவும் காதில் விழவில்லை.

வீட்டில் மூன்று வேலைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு நிமிடம் சத்தமாகப் பேசிப் பழகுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் "தமிழில் சொல்லலாமா?" என்று கேளுங்கள். சென்னை, கோவை ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் சரி என்பார்கள். மனப்பாட ஆங்கிலத்தைவிடத் தமிழில் தெளிவாகச் சொன்ன காரணம் எங்களுக்கு அதிகம் உதவும். குறை சொன்னால் உடனே மறுக்காமல், "இதை இப்போது செய்தால் எங்கே மாற்றுவீர்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். அந்தக் கேள்வியில் தொடங்கி அரைமணி நேரம் பேசிய நேர்காணல்கள் உண்டு.

சில இடங்களில் 'டெஸ்ட்' கொடுப்பார்கள். கற்பனையான ஒரு கடைக்கு ஒரு போஸ்டர், ஒரு நாள் அவகாசம் என்றால் நியாயம், செய்யுங்கள். நிஜக் கிளையன்ட்டின் பெயரோடு லோகோ, பாக்கெட், பத்து சமூகவலைப் பதிவுகள் என்று கேட்டால் அது சம்பளமில்லாத வேலை. "இந்த அளவு வேலைக்கு என் கட்டணம் இவ்வளவு, டெஸ்ட் என்றால் ஒரு போஸ்டர் செய்து தருகிறேன்" என்று மரியாதையாக எழுதுங்கள். நல்ல இடமாக இருந்தால் அதைப் புரிந்துகொள்வார்கள்.

முடிந்த மறுநாள் நன்றி சொல்லி இரண்டு வரி மெயில் போடுங்கள். பத்து நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் ஒரே ஒருமுறை விசாரியுங்கள். அந்த மெயிலில் பழைய லிங்க்கையே மறுபடி ஒட்டாமல், இடையில் முடித்த புதிய வேலை ஒன்றைச் சேர்த்து அனுப்புங்கள். அனுப்புவதற்கு முன் அம்மாவின் போனில் ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.